ஓட்டப் பயிற்சியில் ஏற்படும் கீழ்க்கால் எலும்பு வலி: கைமுறைச் சிகிச்சையும் மீட்சியும்

காவலர் தேர்வுக்கோ இராணுவ ஆள்சேர்ப்புக்கோ ஆயத்தமாகும் இளைஞர்களுக்கும், புதிதாக நெடுந்தூர ஓட்டத்தில் இறங்குவோருக்கும், பயிற்சியைத் திடீரெனக் கூட்டிய சில வாரங்களில் கீழ்க்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் வலி தோன்றுவதுண்டு. பெரும்பாலும் இது ‘ஷின் ஸ்பிளிண்ட்’ எனப்படும் பாதிப்பாகும். சிலருக்கு அதே இடத்தில் எலும்பில் மயிரிழை விரிசல் ஏற்பட்டிருக்கும். இவ்விரண்டில் எது என்று அறியும் முன் காலை நீவவோ, அழுத்தவோ, கட்டுப் போடவோ கூடாது.

வேறுபாட்டை அறிதல்

ஷின் ஸ்பிளிண்டில் வலி எலும்பின் ஓரமாக 5 சென்டிமீட்டருக்கும் மேல் பரவியிருக்கும். தொடக்க நிலையில், ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியபின் தணியும். விரிசலில் வலி ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். ஓட ஓட அது மிகும். நாளடைவில் நடக்கும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் தொடரும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். எனவே “எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை” என்பதை மட்டும் நம்பி மீண்டும் ஓடத் தொடங்குவது தவறு. ஐயம் இருப்பின் எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படும்.

எலும்பு உயிருள்ள திசு. ஓட்டத்தின் அதிர்வால் உண்டாகும் நுண்சேதங்களை உடல் அகற்றிப் புதிய எலும்பை உருவாக்குகிறது. ஓய்வின்றி ஓடினால், புதிய எலும்பு உருவாகும் முன்பே அடுத்த சேதம் சேர்ந்துவிடுகிறது. போதிய உணவின்மை, வைட்டமின் டி குறைபாடு, பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் தவறுவதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஆஸ்டியோபதியின் பங்கு

1874-இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தோற்றுவித்த முறை ஆஸ்டியோபதி. தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தி, நீட்டி, அசைத்துச் செய்யப்படுவது. அமெரிக்காவில் இம்முறையில் பட்டம் பெற்றோர் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்களாவர். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது ஒழுங்குபடுத்தப்பட்ட தனித் தொழில். ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் கண்டு சிகிச்சையாளரின் தகுதியை முடிவு செய்ய இயலாது. கேட்டறிவது நோயாளியின் உரிமை.

கைமுறைச் சிகிச்சையால் கெண்டைக்கால் தசையின் இறுக்கம் தளர்ந்து, வலி சில நாள் தணியலாம். ஆனால் அது எலும்பை ஆற்றுவதில்லை. வலி தணிந்ததைக் குணமாகிவிட்டதாக எண்ணி மைதானத்துக்குத் திரும்புவதே பெரிய இடர். வலி நிவாரணி மாத்திரை உண்டு ஓடுவதும் அத்தகையதே.

மீட்சி

விரிசல் ஆறப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். எலும்பின் முன்பக்க விரிசல் மெதுவாகவே ஆறும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். ஷின் ஸ்பிளிண்ட்டுக்கும் சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். அக்காலத்தில் வலி தராத அளவில் நீச்சல், சைக்கிள் பயிற்சி செய்யலாம். கெண்டைக்கால், இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். 30 நிமிடங்கள் வலியின்றி நடக்க இயன்றபின், ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது ஓட்டம், சிறிது நடை எனத் தொடங்கவும். முதலில் தூரத்தையும், பின்னரே வேகத்தையும் கூட்டவும். வலி திரும்பினால் முந்தைய நிலைக்குச் செல்லவும்.

தேர்வு நாள் நெருங்கும்போது குடும்பத்தினரே “சற்றுப் பொறுத்துக்கொண்டு ஓடு” என்று கூறுவதுண்டு. முழுமையாக முறிந்த எலும்புக்கு அந்தத் தேர்வு மட்டுமன்றி அடுத்த தேர்வும் கைநழுவக்கூடும்.

உடனடிக் கவனம் தேவைப்படுபவை

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அக்காலை நீவக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-ஐ அழைக்கவும். காலை ஊன்றவே இயலாத நிலையிலும், பாதம் மரத்துப்போகும் நிலையிலும் தாமதிக்காமல் மருத்துவரை அணுகவும்.