ஸ்டீம் நூலகத்திலிருந்து ஆட்டங்களை நிலையாக நீக்குதல்

ஸ்டீம் நூலகத்திலிருந்து ஆட்டங்களை நிலையாக நீக்குதல் என்பது, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் ஒரு பயனர் தமது கணக்கில் உள்ள நிகழ்பட ஆட்டத்தின் பயன்பாட்டு உரிமத்தைத் தாமாகவே கைவிடும் செயல் ஆகும். இது கணினியின் வன்தட்டிலிருந்து ஆட்டத்தின் கோப்புகளை அழிக்கும் நிறுவல் நீக்கத்திலிருந்து வேறுபட்டது. நிறுவல் நீக்கம் செய்யப்பட்ட ஆட்டத்தை வேண்டியபோது மீண்டும் தரவிறக்கிக் கொள்ளலாம். கணக்கிலிருந்து நீக்கப்பட்ட ஆட்டத்தை அவ்வாறு தரவிறக்க இயலாது. விலைக்கு வாங்கிய ஆட்டமாயின் அதனை மீண்டும் வாங்க வேண்டியிருக்கலாம். விற்பனை நிறுத்தப்பட்ட ஆட்டங்களைப் பொறுத்தவரை அந்த வழியும் இல்லை.

பின்னணி

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வால்வ் நிறுவனம், 2003 செப்டம்பர் 12 அன்று ஸ்டீமை வெளியிட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக் முதலிய தனது சொந்த ஆட்டங்களுக்கு இணையம் வழியாக இற்றைப்படுத்தல்களை வழங்குவதே அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. 2004 நவம்பரில் வெளியான ஆஃப்-லைஃப் 2 ஆட்டத்தைக் கடையில் குறுவட்டாக வாங்கியோரும் ஸ்டீம் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பதிவு செய்தபின்னரே அதனை ஆட முடிந்தது. 2005 ஆம் ஆண்டு முதல் பிற நிறுவனங்களின் ஆட்டங்களும் ஸ்டீமில் விற்கப்பட்டன.

ஒரு பயனர் பெற்ற ஆட்டங்கள் அனைத்தும் அவரது கணக்கில் ஒரு பட்டியலாகத் தொகுக்கப்படுகின்றன. இப்பட்டியலே நூலகம் எனப்படுகிறது. பருவகாலத் தள்ளுபடி விற்பனைகள், பல ஆட்டங்களைச் சேர்த்துக் குறைந்த விலைக்கு விற்கும் தொகுப்புகள், கட்டணமின்றி வழங்கப்படும் ஆட்டங்கள் ஆகியவற்றால் பலரது நூலகங்கள் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கொண்டவையாக வளர்ந்தன. இவற்றுள் ஒருமுறைகூட ஆடப்படாதவையும் இருப்பது வழக்கம். தேவையற்றவற்றை நீக்கும் விருப்பம் இச்சூழலிலேயே எழுகிறது.

தொடக்க ஆண்டுகளில் கணக்கிலிருந்து ஆட்டத்தை நீக்கும் வசதி பயனர் கையில் இருக்கவில்லை. ஸ்டீமின் ஆதரவுப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பின்னாளில் பயனர் தாமே இதனைச் செய்துகொள்ளும் வகையில் உதவிப் பக்கத்தில் வழி ஏற்படுத்தப்பட்டது.

உரிமமும் உடைமையும்

நூலகத்தில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லும்போது, உண்மையில் அங்கு இருப்பது கோப்பு அன்று. ஆட்டத்தின் கோப்புகள் ஸ்டீமின் வழங்கிகளிலும், நிறுவியிருந்தால் பயனரின் கணினியிலும் உள்ளன. கணக்கில் இருப்பது, "இந்தக் கணக்கு இந்த ஆட்டத்தைத் தரவிறக்கி ஆடலாம்" என்னும் அனுமதியின் பதிவு மட்டுமே. ஸ்டீமின் பயனர் ஒப்பந்தமும், ஆட்டங்கள் விற்கப்படுவதில்லை, உரிமமாகவே வழங்கப்படுகின்றன என்று கூறுகிறது.

அச்சிட்ட நூலைப் படித்து முடித்தவர் அதனைப் பிறருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். ஸ்டீம் உரிமத்தை அவ்வாறு கைமாற்ற ஒப்பந்தம் இடம் தருவதில்லை. பிரான்சில் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், பாரிசு நீதிமன்றம் 2019 இல் மறுவிற்பனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2022 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனவே வேண்டாத ஆட்டத்தைப் பயனர் வைத்துக்கொள்ளலாம், மறைக்கலாம், அல்லது ஈடு ஏதுமின்றிக் கைவிடலாம்.

நீக்குதலின் வகைகள்

பேச்சு வழக்கில் நீக்குதல் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் செயல்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை.

1. நிறுவல் நீக்கம்: ஆட்டத்தின் கோப்புகள் வன்தட்டிலிருந்து அழிக்கப்படுகின்றன. உரிமம் மாறாமல் இருக்கும். வன்தட்டில் இடம் போதவில்லை என்பது மட்டுமே சிக்கலாயின் இதுவே போதுமானது.

2. மறைத்தல்: ஆட்டத்தின் பெயர் நூலகப் பட்டியலில் தோன்றாது, மறைக்கப்பட்ட ஆட்டங்கள் என்னும் தனிப் பிரிவில் இருக்கும். எந்நேரமும் மீண்டும் வெளிக்கொணரலாம். இது பயனரின் சொந்தப் பார்வைக்கு மட்டுமான ஒழுங்கமைப்பு ஆகும்.

3. தனிப்பட்டதாகக் குறித்தல்: குறிப்பிட்ட ஆட்டத்தைத் தாம் வைத்திருப்பதும் ஆடுவதும் நண்பர்கள் உள்ளிட்ட பிறருக்குத் தெரியாதவாறு செய்தல். 2024 இல் இவ்வசதி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் ஓர் ஆட்டத்தை மட்டும் பிறர் பார்வையிலிருந்து விலக்க விரும்பிய சிலர், அதனைக் கணக்கிலிருந்தே நீக்கிவந்தனர்.

4. பணம் திரும்பப் பெறுதல்: 2015 சூன் மாதம் அறிமுகமான விதிமுறையின்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கோரலாம். பணம் திரும்பும்போது உரிமமும் கணக்கை விட்டு நீங்குகிறது.

5. நிலையாக நீக்குதல்: உரிமம் கைவிடப்படுகிறது. பணம் திரும்பாது. இக்கட்டுரையின் பொருள் இதுவே.

நான்காவதையும் ஐந்தாவதையும் குழப்பிக்கொள்ளாமை முக்கியம். அண்மையில் வாங்கிய ஆட்டம் பிடிக்கவில்லையெனில், முதலில் பணம் திரும்பப் பெறும் தகுதி உள்ளதா என்று பார்ப்பதே முறை.

செய்முறை

ஸ்டீம் மென்பொருளின் நூலகத்தில் ஆட்டத்தின் பெயர்மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டி விரியும். அதில் "மேனேஜ்" (மேலாண்மை) என்னும் பிரிவின்கீழ், மறைப்பதற்கும், நிறுவல் நீக்கம் செய்வதற்கும், கணக்கிலிருந்து நீக்குவதற்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. கணக்கிலிருந்து நீக்கும் கட்டளை பயனரை ஆதரவுப் பக்கத்துக்கு இட்டுச் செல்கிறது. ஆதரவுப் பக்கத்தில் ஆட்டத்தின் பெயரைத் தேடியும் இவ்விடத்தை அடையலாம்.

அப்பக்கம், அந்த ஆட்டத்துடன் சேர்ந்து நீங்கவிருக்கும் அனைத்தையும் பட்டியலிட்டுக் காட்டி உறுதி கேட்கிறது. பயனர் உறுதி அளித்ததும் உரிமம் நீங்குகிறது. நீங்கிய பின்னர் ஆட்டத்தின் பெயர் நூலகத்தில் இராது என்பதால், கோப்புகளை முன்கூட்டியே நிறுவல் நீக்கம் செய்துவிடுதல் எளிது. சேமித்த ஆட்டநிலைகள் தேவைப்படுமாயின், நிறுவல் நீக்கத்துக்கு முன்பே அவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

தொகுப்பாக வாங்கிய ஆட்டங்கள்

உறுதி கேட்கும் பக்கத்தில் உள்ள பட்டியல் கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்றாகும். ஸ்டீமில் உரிமம் தனித்தனி ஆட்டத்துக்கு அன்றி, பொதி எனத்தகும் விற்பனை அலகுக்கே வழங்கப்படுகிறது. ஒரு பொதியில் ஓர் ஆட்டம் இருக்கலாம். பல ஆட்டங்களும் இருக்கலாம். பொதியிலுள்ள ஓர் ஆட்டத்தை நீக்கக் கோரினால் அப்பொதி முழுவதும் நீங்கும்.

எடுத்துக்காட்டாக, 2007 அக்டோபரில் வெளியான தி ஆரஞ்சு பாக்சு என்னும் பொதியில் ஆஃப்-லைஃப் 2, அதன் தொடர்ச்சியான இரு பகுதிகள், போர்ட்டல், டீம் போர்ட்ரசு 2 ஆகியவை இருந்தன. இதனை வாங்கியவர் ஆஃப்-லைஃப் 2 மட்டும் வேண்டாம் எனக் கருதி நீக்க முற்பட்டால், அப்பொதியின் வழியே வந்த போர்ட்டலையும் இழக்க நேரிடும். பட்டியலைப் படியாமல் உறுதி செய்பவர்கள் விரும்பிய ஆட்டத்தையும் சேர்த்து இழப்பது இக்காரணத்தாலேயே ஆகும். இத்தகைய நிலையில் மறைத்தலே பொருத்தமான வழி.

மீளப் பெறுதல்

நீக்கப்பட்ட ஆட்டத்தை மீண்டும் அடைய முடியுமா என்பது, அது எவ்வாறு கணக்குக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

எப்போதும் கட்டணமின்றிக் கிடைக்கும் ஆட்டங்களை எந்நேரமும் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். டீம் போர்ட்ரசு 2 ஆட்டம் 2011 சூன் மாதத்தில் இவ்வகைக்கு மாறியது.

குறிப்பிட்ட காலத்தில் மட்டும் கட்டணமின்றி வழங்கப்பட்டவற்றின் நிலை வேறு. போர்ட்டல் 2010 மே மாதத்தில் சில நாட்களுக்கும், ஆஃப்-லைஃப் 2 அதன் 20 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2024 நவம்பரில் சில நாட்களுக்கும் இலவசமாக வழங்கப்பட்டன. அந்நாட்களில் பெற்றவர் அவற்றை நீக்கிவிட்டால், பின்னர் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கலாம்.

விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட ஆட்டங்கள் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. பொதுவாக, ஓர் ஆட்டத்தின் விற்பனை நிறுத்தப்பட்டாலும் முன்பே வாங்கியவர்களின் நூலகத்தில் அது தொடர்ந்து இருக்கும். ராக்கெட் லீக் ஆட்டம் 2020 செப்டம்பரில் கட்டணமற்றதாக மாறியபோது, ஸ்டீமில் புதியவர்களுக்கு அது கிடைக்காமற் போனது. ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள் ஸ்டீம் வழியாகவே தொடர்ந்து ஆடினர். ஆலன் வேக் ஆட்டம் அதில் இடம்பெற்ற இசைக்கான உரிமம் முடிவுற்றதால் 2017 மே மாதத்தில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, 2018 இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதனை நீக்கியிருந்தால் ஸ்டீமில் மீண்டும் வாங்கக் கடை இருந்திராது.

நீக்குவதற்கான காரணங்கள்

இடப்பற்றாக்குறையோ பட்டியலின் நீளமோ மட்டும் காரணமாயின் நிலையான நீக்கம் தேவையில்லை. ஆயினும் உண்மையான தேவை உள்ள சூழல்களும் உண்டு. குழந்தைகளும் பயன்படுத்தும் கணக்கில் அவர்களுக்கு ஒவ்வாத ஆட்டம் இருத்தல், ஏமாற்றும் வகையில் விற்கப்பட்ட தரமற்ற ஆட்டங்களை வைத்திருக்க விரும்பாமை முதலியன இவற்றுள் அடங்கும்.

ஓர் ஆட்டத்தை ஆடுவதை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் அதனை நிலையாக நீக்குவதும் உண்டு. உலக சுகாதார அமைப்பு ஆட்டக் கோளாற்றைத் தனது பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில் சேர்த்தது. அப்பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்நோக்கத்தில் நிலையான நீக்கம் ஓரளவே பயன்படும். விலையுள்ள ஆட்டத்தை மீண்டும் வாங்கப் பணம் செலவிட வேண்டியிருக்கலாம் என்பது ஒரு தடையாக அமைகிறது. கட்டணமற்ற ஆட்டத்துக்கோ அத்தடை இல்லை. சில சொடுக்குகளில் அது திரும்பி வந்துவிடும். ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்தியதற்காக ஸ்டீம் விதித்த தடையும் ஆட்டத்தை நீக்குவதால் நீங்குவதில்லை, ஏனெனில் அது கணக்கின்மீது விதிக்கப்படுவதாகும்.

பிற தளங்களில்

போலந்து நாட்டின் சி.டி. புரொயெக்ட் குழுமம் 2008 இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளம், எண்ணிமப் பூட்டு இல்லாத நிறுவற் கோப்புகளை வழங்குகிறது. அக்கோப்பைப் படியெடுத்து வைத்திருப்பவர் தளத்தின் துணையின்றியே ஆட்டத்தை மீண்டும் நிறுவலாம்.

இதற்கு நேர்மாறான நிலைக்குப் பி.டி. என்னும் ஆட்டம் சான்றாகும். கொனாமி நிறுவனம் 2014 ஆகத்து மாதம் பிளேசுடேசன் 4 கருவிக்கு இதனை இலவசமாக வெளியிட்டது. 2015 ஏப்ரலில் இது கடையிலிருந்து அகற்றப்பட்டது; பின்னர், முன்பே பெற்றவர்களாலும் மீண்டும் தரவிறக்க இயலாமற் போனது. இதனால் இவ்வாட்டத்தைப் பொறுத்தவரை சாதாரண நிறுவல் நீக்கமே நிலையான நீக்கமாகிவிட்டது. இடம் வேண்டி இதனை அழித்தவர்கள் அதனைத் திரும்பப் பெறவில்லை.

நிறுவனங்களால் நீக்கப்படுதல்

பயனர் விரும்பாமலேயே உரிமம் நீங்குவதும் நிகழ்ந்துள்ளது. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்புகள் எனக் கூறி, சார்ச் ஆர்வெலின் 1984, விலங்குப் பண்ணை ஆகிய நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனத் தலைவர் செஃப் பெசோசு மன்னிப்புக் கோரினார்.

2014 இல் வெளியான தி குரூ என்னும் ஆட்டத்தின் வழங்கிகளை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. இணைய இணைப்பின்றி ஆட முடியாத ஆட்டமாதலால், வாங்கியோர் அனைவருக்கும் அது பயனற்றுப் போனது. தொடர்ந்து பயனர்களின் கணக்குகளிலிருந்து உரிமமும் விலக்கப்பட்டது. இதன் விளைவாக ஆட்டங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்னும் பொருளுடைய இயக்கம் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முன்வைத்த குடிமக்கள் கோரிக்கை 2025 இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பங்களைப் பெற்றது.

கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் இயற்றி 2025 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், எண்ணிமப் பொருட்களை விற்போர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் எனக் கோருகிறது. இணைய இணைப்பின்றி நிலையாகப் பயன்படுத்தும் வகையில் தரவிறக்கித் தரப்படுபவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஸ்டீம் 2024 அக்டோபர் முதலே பணம் செலுத்தும் பக்கத்தில் இவ்வறிவிப்பைக் காட்டத் தொடங்கியது.

கருத்தில் கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து, நிலையாக நீக்கும் முன்னர் பயனர் மூன்றை உறுதிசெய்துகொள்வது நன்று: பணம் திரும்பப் பெறும் காலம் கடந்துவிட்டதா, உடன் நீங்கும் பட்டியலில் வேண்டிய ஆட்டம் எதுவும் உள்ளதா, அந்த ஆட்டம் கடையில் இன்னும் விற்பனையில் உள்ளதா. ஐயம் இருப்பின் மறைத்தலே போதும். மறைத்ததைப் பின்னொரு நாள் நீக்கலாம். நீக்கியதைப் பின்னொரு நாள் மறைக்க இயலாது.

இவற்றையும் பார்க்க

நிகழ்பட ஆட்டம்
எண்ணிம உரிம மேலாண்மை
மென்பொருள் உரிமம்
கட்டற்ற மென்பொருள்