தோட்ட லயம் (கட்டடக்கலை விமர்சனத்தில்)

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடு. ஒரே நீளக் கூரை, பொதுச் சுவர்கள், முன்னே அஞ்சடி எனப்படும் தாழ்வாரம். மேட்டில் துரை பங்களா, கீழே லயம் என்ற அமைப்பே தோட்ட அதிகாரத்தின் வரைபடம்.

இம்மாநிலக் கட்டடங்களில் அதிகம் கொண்டாடப்படுவது, 1908இல் முடிந்த, இரும்பாணியின்றி 99 தூண்களில் எழுந்த ஸ்ரீ மெனாந்தி அரண்மனை. அப்புகழ் தகும். லயத்தையோ சுகாதார அதிகாரிகளும் தொழிலாளர் துறையினரும்தான் பெரிதும் அளந்தார்கள்: காற்று, வடிகால், தண்ணீர். தோட்ட வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வகுக்கிறது. விமர்சகர் கேட்க வேண்டியவை வேறு: அடுப்பு எங்கே எரிந்தது, மெல்லிய சுவருக்கு இப்பால் அந்தரங்கம் எப்படிக் காக்கப்பட்டது, கோயில் எந்தத் திசை பார்த்தது. சிரம்பான், நீலாய் வட்டாரத் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவரும் நிலையில், எஞ்சிய லயங்களை அளந்து வரைந்து வைப்பது அவசரப் பணி.