படம் தொடங்குமுன் ஒரு முத்திரை

வெள்ளித்திரையில் கதை தொடங்குமுன் சில நொடிகள் தோன்றி மறையும் கம்பெனி முத்திரையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. சினிமாவைப் பற்றி இவ்விதழில் எழுதத்தான் வேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர்களும் இருப்பர். ஆயினும் நம்மவர் ஒருவர் அந்தச் சில நொடிகளுக்குள் தம் ஈமானையும் வைத்துச் சென்றிருக்கிறார். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முத்திரை பிறந்தது அழகுக்காக அன்று, திருட்டுக்கு அஞ்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் பாத்தே கம்பெனி தன் சேவல் சின்னத்தைக் காட்சி அரங்கங்களிலேயே மாட்டி வைத்தது. பிரதியைத் திருடுவோர் தலைப்பை வெட்டி எறியலாம். காட்சிக்குள் நிற்கும் சேவலை எப்படி வெட்டுவது? பின்னர்ப் படங்களுக்கு ஒலி வந்தது; 1928இல் எம்.ஜி.எம். சிங்கம் கர்ஜித்தது. ஆங்கிலேயரின் ராங்க் கம்பெனிப் படங்களில் ஒரு பயில்வான் பெரிய சேகண்டியை ஓங்கி அடிப்பான். அந்தச் சேகண்டி வெறும் போலி. ஓசையை எழுப்பியவர் வேறொரு கலைஞர்!

நம் நாட்டில் முத்திரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. எங்கள் வெள்ளானூர் போன்ற சிற்றூர்களிலிருந்து டூரிங் கொட்டகைக்குப் போய் மணலில் அமர்ந்தவர்களில் பலருக்குப் பெயர்ப்பட்டியல் வெறும் கோடுகள்தாம். ஆனால் குழல் ஊதும் இரட்டைச் சிறுவர்களைக் கண்டதும் அது எஸ்.எஸ். வாசனின் ஜெமினி என்று குழந்தையும் சொல்லிவிடும். 1948இல் 'சந்திரலேகா' இந்தியிலும் வெளியாகி, அந்தச் சிறுவர்களை வடநாட்டாருக்கும் அறிமுகம் செய்தது. ஸ்டூடியோ மறைந்துவிட்டது. 1973இல் அவ்விடத்தருகே எழுந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் நாவில் இன்றும் அது ஜெமினி பாலந்தான்.

முத்திரையை அரசியல் மேடையாக்கியவர் எம்.ஜி.ஆர். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில் அவருடைய சொந்தக் கம்பெனியின் சின்னம், ஓர் ஆணும் பெண்ணும் தி.மு. கழகக் கொடியைத் தாங்கி நிற்கும் காட்சி. அப்படத்தின் பிற்பகுதியே வண்ணம். முற்பகுதி கறுப்பு வெள்ளை. கொடியின் சிவப்பை ரசிகர்கள் மனக்கண்ணால்தான் கண்டிருக்க வேண்டும். கண்ணதாசனுடன் சேர்ந்து அப்படத்துக்கு உரையாடல் தீட்டிய ரவீந்தர், நாகூரைச் சேர்ந்த காஜா மொகிதீன் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்?

இனி, நான் சொல்ல வந்த மனிதர். குஜராத்தின் பிலிமோராவில் எளிய குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகமின்றிப் பம்பாய்க்கு வந்து துணை நடிகராக வாழ்வைத் தொடங்கியவர் மெஹ்பூப் கான். 1942இல் 'ரோட்டி' என்ற படத்தில் பணத்தாசையைக் கடுமையாகச் சாடினார். பின்னர்ச் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1943இல் 'நஜ்மா' என்னும் முஸ்லிம் குடும்பக் கதையைத் தந்தார். அவருடைய 'ஆன்' தமிழ் பேசியும் நம் ஊர்களுக்கு வந்தது.

அக்கம்பெனியின் முத்திரை அரிவாளும் சுத்தியலும். அது திரையில் நிற்கும்போதே கணீரென்று ஓர் உருதுக் கவிதையடி ஒலிக்கும். எதிரி எத்தனை தீங்கு நாடினாலும் நடப்பது இறைவன் நாடியதே என்பது அதன் கருத்து. இறைமறுப்பாளரின் சின்னமும் தக்தீரும் ஓரிடத்தில் எப்படிச் சேர்ந்தன? முரண்பாடு என்று சிலர் நகைத்தனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பொதுவுடைமைக் கட்சிக்காரரல்லர். அரிவாள் உழவனின் கருவி, சுத்தியல் தொழிலாளியின் கருவி. ஏழ்மையிலிருந்து வந்தவருக்கு இவ்விரண்டும் அந்நியமானவையா? தமிழ்ப் படக் கம்பெனிகள் பலவும் தெய்வ உருவத்தைக் காட்டிப் படத்தைத் தொடங்கின. முஸ்லிமான மெஹ்பூப் இறைவனுக்கு உருவம் காட்ட இயலாது. ஆகவே உழைப்பைக் கண்ணுக்கும், இறைநாட்டத்தைக் காதுக்கும் தந்தார். இதைவிடப் பொருத்தமாக ஒரு முஸ்லிம் கலைஞர் வேறென்ன செய்திருக்க முடியும்?

1957இல் வந்த 'மதர் இந்தியா', கடன்காரனின் பிடியில் சிக்கிய ஓர் உழவர் குடும்பத்தின் கதை. 1940இல் தாமே எடுத்த 'ஔரத்' படத்தை மெஹ்பூப் மறுபடி வண்ணத்தில் எடுத்தார். 1958ஆம் ஆண்டு ஆஸ்கார் விருதுக்கு அது இந்தியாவின் சார்பில் சென்று, பிறமொழிப் படங்களுக்கான இறுதி ஐந்தில் இடம் பெற்றது. அமெரிக்காவுக்கும் ருஷியாவுக்கும் பனிப்போர் நடந்த காலம் அது. அமெரிக்க நடுவர்களின் மனம் கோணக்கூடாதென்று அப்பிரதியிலிருந்து அரிவாள் சுத்தியல் முத்திரை வெட்டப்பட்டது. படத்துக்குள் நர்கிஸ் இழுத்த கலப்பை அப்படியே இருந்தது.