சிறார் பாதமும் சப்பாத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

முடிமன்னர் போர்களையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் கூறுவது மட்டும் வரலாறு அன்று. மக்கள் உண்ட உணவும், உடுத்த உடையும், உறைந்த மனையும் வரலாற்றின் பாற்பட்டனவே. அவ்வாறே காலில் அணியும் சப்பாத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஈழத் தமிழர் வழங்கும் ‘சப்பாத்து’ என்னுஞ் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாதலின், அஃது இந்நாட்டுக்கு வந்த வழியையும் ஒருவாறு உணர்த்துகின்றது. பாதத்துக்கு ஏற்பச் சப்பாத்து அமையவேண்டுமா, சப்பாத்துக்கு ஏற்பப் பாதம் அமையவேண்டுமா என்னும் வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும். இவ்வினாவுக்கு மாந்தர் தவறான விடை கண்ட காலங்களிலெல்லாம் அதன் பயனை அனுபவித்தோர் வாய்திறந்து முறையிட அறியாத சிறாரே.

இதனை உணர்தற்கு இளம் பாதத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதனின் பாதமொன்றில் 26 என்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் பாதத்திலோ அவற்றுட் பல இன்னும் என்பாகாது மெல்லிய கசியிழையமாகவே இருக்கும். பெண் குழந்தை ஏறக்குறைய ஒரு வயதிலும், ஆண் குழந்தை ஏறக்குறைய ஒன்றரை வயதிலும் தத்தம் முழுப் பாதநீளத்தின் அரைப்பங்கை எய்திவிடுகின்றன. இவ்வளவு விரைந்து வளர்வதும், இவ்வளவு மென்மையுடையதுமான உறுப்பு, இறுக்கத்துக்கு எளிதில் இணங்கிவிடும். இளங்கொடியை எப்பக்கம் வளைத்துக் கட்டினும் அப்பக்கமே அது வளர்வது போல, பாதமும் தன்னை நெருக்கும் உருவினை மெல்ல மெல்லத் தன் உருவாக ஏற்றுக்கொள்கின்றது.

இவ்வுண்மைக்குச் சீன நாட்டு வரலாறு துயர்மிக்க சான்றாக விளங்குகின்றது. சிறிய பாதமே பெண்ணுக்கு அழகெனக் கருதப்பட்ட அந்நாட்டிற் பல நூற்றாண்டுகளாகச் சிறுமியர் பாதங்கள் துணியால் இறுகக் கட்டப்பட்டன. பெரும்பாலும் நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே, பெருவிரலொழிந்த நான்கு விரல்களும் உள்ளங்காலின் கீழ் மடக்கிக் கட்டப்படும். என்பு முதிருமுன்னரே இது செய்யப்பட்டமை, இளமையிற்றான் பாதத்தை உருமாற்றலாம் என்பதை அம்மக்கள் நன்கறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். 1895இற் சங்காய் நகரில் இவ்வழக்கத்தை எதிர்த்து ஒரு சங்கம் தோன்றிற்று. 1902இல் மஞ்சூரிய அரசும், 1912இற் புதிய குடியரசும் அதனைத் தடுத்து ஆணை பிறப்பித்தன. எனினும் ஒதுக்கிடங்களில் அஃது அதன் பின்னரும் சில காலம் நிலவிற்று.

சீனரின் இவ்வழக்கத்தைக் கண்டு நகைத்த ஐரோப்பியர் தம் பாதங்களை நோக்கினரல்லர். உயர்ந்த குதியுடைய சப்பாத்துகள் பரவிய 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, ஐரோப்பாவிற் பெரும்பாலான சப்பாத்துகள் இடக்கால் வலக்கால் வேறுபாடின்றி ஒரே அச்சிற் செய்யப்பட்டன. இயற்கை இரு பாதங்களையும் வெவ்வேறாகப் படைத்திருக்க, தொழிலாளி இரண்டையும் ஒன்றாக்கினான். இப்பிழையை வன்மையாகக் கண்டித்தவர் ஒல்லாந்து நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் பெத்ரூஸ் காம்பர். 1781இற் சிறந்த சப்பாத்தின் வடிவம் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். குதிரை, எருது ஆகியவற்றின் குளம்புகளைப் பற்றி ஆராய்ந்த அறிஞர், மனிதனின் பாதத்தை மட்டும் தொழிலாளரின் அறியாமைக்கு விட்டுவிட்டனரே என்பது அவர்தம் ஆதங்கம். கேடு இளமையிலேயே தொடங்குகின்றது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1858இற் சூரிச் நகரப் பேராசிரியர் ஹேர்மன் மெயர், குதிக்காலின் நடுவிலிருந்து பெருவிரலின் வழியே செல்லும் நேர்கோட்டைச் சப்பாத்து சிதைத்தலாகாது என நிறுவினார்.

அறிஞர் கூற்றை அளவைகளால் உறுதிசெய்தது 20ஆம் நூற்றாண்டு. 1905இல் அமெரிக்க மருத்துவர் ஹொப்மன், வெறுங்காலோடு வாழ்ந்த மக்களின் பாதங்களையும் சப்பாத்தணிந்தோர் பாதங்களையும் ஒப்புநோக்கி ஆய்வுரை வெளியிட்டார். முன்னையோரின் விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. பின்னையோரின் விரல்கள் சப்பாத்தின் முனைக்கேற்ப ஒடுங்கியிருந்தன. 1958இல் ஹொங்கொங்கில் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் தெளிவானது. பெருவிரல் மற்றைய விரல்களின் பக்கஞ் சாயும் குறைபாடு, சப்பாத்தணிந்த சீனரிடை நூற்றுக்கு 33 பேரிடம் காணப்பட்டது. அணியாதோரிடை நூற்றுக்கு ஏறக்குறைய இருவரிடமே காணப்பட்டது. இரு சாராரும் ஓரினத்தவராதலின், வேறுபாட்டைப் பிறப்பின் மேல் ஏற்றுதல் எளிதன்று.

இதற்கிடையில் வணிகரும் விஞ்ஞானத்தைத் துணைக்கழைத்தனர். 1920ஆம் ஆண்டுகள் தொடக்கம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குழந்தை புதுச் சப்பாத்துடன் காலை உள்ளே நுழைக்க, என்புகளின் நிழலைத் தாயும் கடைக்காரரும் கண்டு மகிழ்ந்தனர். பாதத்தைக் காக்கவென வந்த கருவி, வளரும் என்பின்மீது தீங்கான கதிரைப் பாய்ச்சியது. 1957இற் பென்சில்வேனியா மாநிலம் இதனைத் தடைசெய்தது. பிற இடங்களும் படிப்படியாக அவ்வழி நின்றன. விஞ்ஞானத்தின் பெயரால் வருவன எல்லாம் விஞ்ஞானம் ஆகா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தட்டைப் பாதம் பற்றிய அச்சமும் இத்தகையதே. குழந்தையின் உள்ளங்கால் தட்டையாயிருத்தலைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதும், வளைவை உயர்த்துமென விற்கப்பட்ட கடினமான சப்பாத்துகளை வாங்குவதும் நெடுங்காலமாக நிகழ்ந்தன. 1947இற் கனடிய இராணுவத்தினரை ஆராய்ந்த ஹரிஸ், பீத் என்போர், நன்கு இயங்கும் தட்டைப் பாதம் தன்னளவில் ஊனமன்று எனக் கண்டனர். 1987இல் அமெரிக்க மருத்துவர் ஸ்ரஹேலியும் துணைவரும் 882 பாதங்களை அளந்து, மழலைப் பருவத்திற் பாதம் தட்டையாயிருத்தல் இயல்பே என்றும், வளைவு பிள்ளைப் பருவத்திற் றானே உருவாகின்றது என்றும் காட்டினர். 1989இல் வெளிவந்த மற்றோர் ஆய்விற் குழந்தைகள் மூன்றாண்டுகள் திருத்தச் சப்பாத்துகளையும் உள்ளீடுகளையும் அணிந்தனர். ஆயினும் அவற்றை அணியாத குழந்தைகளினும் அவர் மேம்பட்டாரல்லர். காலமும் ஓட்டமும் செய்த பணியின் புகழைச் சப்பாத்து கவர்ந்துகொண்டது.

இப்பொருளிற் றென்னிந்தியா செய்த தொண்டு குறிப்பிடத்தக்கது. 1992இல் உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் யோசேப்பு என்னும் மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 சிறாரின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். தட்டைப் பாதம் பாதணி அணிந்த சிறாரிடை நூற்றுக்கு 8.6 ஆகவும், அணியாதோரிடை 2.8 ஆகவும் இருந்தது. விரல்களை மூடிய சப்பாத்தணிந்தோரிடை அது மிக்கிருந்தது. திறந்த செருப்பணிந்தோரிடை குறைந்திருந்தது. வறுமையின் அடையாளமெனப் பலர் நாணிய வெறுங்கால், வளைவு உருவாதற்குத் தடையன்று என்பது இதனாற் புலனாயிற்று.

அங்ஙனமாயின், சப்பாத்தை முற்றாக நீக்கிவிடலாமோ? வரலாறு அதற்கும் இடந்தரவில்லை. 1898இல் எகிப்தில் ஆராய்ந்த ஆதர் லூஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர், கொழுக்கிப் புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உடலுட் புகும் என்பதை வெளியிட்டார். மலங்கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரை அது பற்றும். குருதியை உறிஞ்சிச் சோகையை விளைக்கும். இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களும் இந்நோயால் நலிவுற்றனர். 1916ஆம் ஆண்டளவிற் றோட்டப் பகுதிகளில் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இதனை ஒழிக்கும் பணி தொடங்கிற்று. மருந்தும் மலகூடமும் முதல் வழியெனின், பாதணியும் ஒரு காப்பே. முள், கண்ணாடித்துண்டு, கொதிக்கும் வீதி ஆகியவற்றுக்கும் இவ்வுரை பொருந்தும்.

ஆகவே, சப்பாத்து காத்தற்குரியதேயன்றிப் பாதத்தை வடித்தற்குரியதன்று. அது மெல்லியதாய், வளையக்கூடியதாய், தட்டையான அடியுடையதாய், விரல்கள் விரிதற்கு இடந்தருவதாய் இருத்தல் வேண்டும். நெடிய விரலுக்கு முன்னே ஏறக்குறைய ஒரு பெருவிரலகலம் இடைவெளி விடுவது நன்று. துப்புரவான மணலிலும் புற்றரையிலும் வெறுங்காலோடு ஓடியாடுதல் பாதத் தசைகளுக்கு நல்ல பயிற்சி. நோவு, விறைப்பு, ஒரு காலில் மட்டும் காணும் வேறுபாடு ஆகியன தோன்றின் மருத்துவரை நாடுதல் கடன்.

பள்ளிச் சீருடையின் ஓருறுப்பாகச் சப்பாத்து அமைந்துவிட்ட நாட்டிலே இவ்வறிவு வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒருங்கே வேண்டுவது. ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய சப்பாத்து ஆண்டிறுதிவரை கிழியாதிருக்கலாம். ஆயினும் பாதம் அதுவரை வளராது நிற்பதில்லை. சப்பாத்து பளபளப்பாயுள்ளதா என நோக்கும் ஆசிரியர், அது காலை இறுக்குகின்றதா எனவும் ஒருமுறை வினவுவாராயின், பேசாத பாதங்கள் பல நலம்பெறும். சீனச் சிறுமியர் நோவுற்று உலகுக்கு உணர்த்திய பாடம் அதுவே.