சமசமாஜிகளின் பிளவும் கூட்டும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். அது கட்சிகளுக்கும் பொருந்துமென்பது பலர் கருத்து. ஆயின் எல்லாப் பிளவும் கேடன்று. எல்லாக் கூட்டும் நலமன்று. இதற்கு லங்கா சமசமாஜக் கட்சியின் சரித்திரமே தக்க சான்றாகும்.

1935 டிசம்பர் 18-ஆம் தேதி கொழும்பில் அக்கட்சி தோன்றிற்று. என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன முதலிய அதன் தலைவர்கள் மேனாட்டில் கற்றுத் திரும்பியவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தமிழ்த் தொழிலாளி போலீஸார் குண்டுக்கு இரையானார். அத்தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் சமசமாஜிகளே. அவ்வாண்டிலேயே ஸ்டாலினைப் பின்பற்றியோர் கட்சியினின்றும் விலக்கப்பட்டு, 1943-இல் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினர். எஞ்சிய டிராட்ஸ்கிவாதிகளும் 1945-இல் இரு கூறாயினர். ஆகவே 1947 தேர்தலில் சமசமாஜிகள் 10, போல்ஷிவிக் பிரிவினர் 5, கம்யூனிஸ்டுகள் 3 ஸ்தானங்கள் பெற்றனர்.

மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பிளவினாலன்றோ இவ்விபத்து நேர்ந்தது என வினவலாம். ஒன்றாய் நின்றிருப்பின் தேர்தலில் இன்னுஞ் சில ஸ்தானங்கள் கிடைத்திருக்கலாம். ஆயினும் மூன்று பிரிவினரும் அச்சட்டத்தை எதிர்த்தே நின்றனர். கொள்கை நுட்பங்களில் மாறுபட்டோர் ஏழையின் உரிமையில் மாறுபடவில்லை.

1950-இல் சமசமாஜிகளும் போல்ஷிவிக் பிரிவினரும் மீண்டும் இணைந்தனர். அதற்கு உடன்படாத பிலிப் விலகினார். 1956-இல் அவர் பண்டாரநாயக்காவின் மந்திரி சபையில் அமர்ந்தார். சமசமாஜிகளோ தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்றனர். பிரிட்டனில் 1951-இல் தொழிற்கட்சி மந்திரி அனியூரின் பெவன், செயற்கைப் பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிப்பதைப் பொறாது பதவி துறந்தார். இத்தகைய பிளவுகளில், எவர் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதேனும் தெளிவாகிறது.

1964 ஜூனில் கட்சியின் பெரும்பான்மையோர் ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கத்திற் சேர இசைந்தனர். என். எம். பெரேரா நிதி மந்திரியானார். எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு முதலியோர் வெளியேறினர்; நான்காம் அகிலமும் கட்சியை விலக்கிற்று. அக்டோபர் 30-இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம் எனப் பங்கிடப்பட்டது. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்டிலர். 1948-இல் அவர்களுக்காக வாதாடிய கட்சி அப்பொழுது மந்திரி சபையில் இருந்தது! 1972-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கிய குடியரசு அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பும் கொல்வினிடமே இருந்தது. 1977 தேர்தலில் கட்சிக்கு ஒரு ஸ்தானமும் கிட்டவில்லை.

நேயர்களே! சிவப்பு அடையாளக் கார்டின் துயரத்தை ஜொகூர்த் தோட்டங்களிலும் நாம் அறிவோம். எனவே சங்கமோ கட்சியோ பிரியும்போதும் கூடும்போதும், தலைவர்கள் கைகோத்தார்களா என்று பார்த்தல் போதாது. அக்கூட்டுக்கு விலையாக எவருடைய உரிமை கொடுக்கப்பட்டது என்று கேட்டல் வேண்டும்.