வேலை இழப்புக் காப்புறுதி (கெடா)

மலேசியாவில் வேலை இழந்தவருக்கு மாத உதவித்தொகை தரும் திட்டம் 2017ஆம் ஆண்டின் 800ஆம் சட்டப்படி, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நடத்துவது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் தலா 0.2 விழுக்காடு செலுத்துகிறார்கள். கூலிம் தொழிற்பூங்காவில் ஆட்குறைப்புக்கு உள்ளானவர், தோட்டம் மூடப்பட்டு வேலை போனவர், இருவருக்கும் விதி ஒன்றே: வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழி விண்ணப்பிக்கக் கைவராதவர்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் சொக்சோ அலுவலகங்களுக்கு நேரில் போகலாம். அடையாள அட்டை, பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் தேவை.

முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, 40, 40, 30, 30. எத்தனை மாதம் என்பது செலுத்திய சந்தாவைப் பொறுத்தது. உதவி பெறும் காலத்தில் வேலை தேடுவதற்கான சான்றும் காட்ட வேண்டும்.

பலர் தவறுவது கையெழுத்தில்தான். தாமாக விலகியவருக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் இத்தொகை கிடையாது. ஆகவே ஆட்குறைப்பின்போது நீட்டப்படும் தாள் ராஜினாமாக் கடிதமா என்று வாசித்தறியாமல் கையொப்பமிடவே கூடாது. மலாய் புரியாத மூத்த தொழிலாளிக்குப் பிள்ளைகளோ தொழிற்சங்கத்தாரோ வாசித்துச் சொல்வது அவசியம். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முதலாளி தரவேண்டிய பணிநீக்க இழப்பீடு வேறு; அதையும் தனியே கேட்டுப் பெறலாம்.