விரைவும் உறுதியும்

பினாங்கு பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு இன்டெல் தொழிற்சாலை தோன்றியதை நம்மவர் அறிவர். அந்நிறுவனம் 1985இல் வெளியிட்ட 386 சில்லு, ஒரு நிரலின் பிழை மற்றொன்றின் நினைவகத்தைக் கெடுக்காவண்ணம் வேலியிடும் வலிமை பெற்றிருந்தது. எனினும் விண்டோஸ் 95 இயங்குதளம், பழைய நிரல்களுக்கு இடங்கொடுக்கவும் சிறு நினைவகத்தில் விரைந்தோடவும் வேண்டி அவ்வேலியை அரைகுறையாகவே இட்டது. ஒரு நிரல் தவறினால் கணினி முழுதும் நின்றுபோவதுண்டு. 1991இல் பிறந்த லினக்ஸும், 1993இல் வந்த விண்டோஸ் என்டியும் வேலியை முழுமையாக இட்டன. வீட்டுக் கணினிகளில் அவ்வுறுதி பரவியதோ 2001இல் வந்த எக்ஸ்பியால். சில்லிலிருந்த காவல் சாமானியனை எட்டப் 16 ஆண்டுகள்!

கூலிக்கணக்கு எழுதுவோனுக்குப் பாதியில் நின்றுபோகும் விரைவினும் தளராத நடையே மேல். ஆகவே, அன்பர்களே, பெயரைக் கண்டு மயங்கற்க, சோதித்தறிந்து கொள்க.